யானையின் இடது காது

மூளையுள்ள பெற்றோர்கள், மூளை வளரவேண்டிய பிள்ளைகள், இவ்விரண்டு வகையிலும் சேராத பொதுமக்கள் அனைவரும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யானையின் இடது காதைக் காணவில்லை.

காது மட்டுமல்ல. பேருந்தின் பின்சக்கரம், சேவலின் கொண்டை, ரயில் எஞ்சினின் புகைபோக்கி, பூனையின் முன்னங்கால், கப்பலின் பாதிக் கொடி ஆகிய ஐந்தும் கூடவே மறைந்திருக்கின்றன. நாலு வயதுப் பிள்ளைகள் பிரித்துப் பிரித்துச் சேர்க்கிற அட்டைப் படப்புதிர்கள். ஆறு படங்கள், படத்துக்கு இருபத்துநாலு துண்டுகள், ஒவ்வொரு படத்திலும் ஒன்று குறைகிறது. இதனால் வருங்காலத் தலைமுறையின் ‘இடஞ்சார் நுண்ணறிவு’ ஈடுசெய்ய முடியாத இழப்புக்கு ஆளாகியிருப்பதாக, மழலையர் மூளைத்திறன் மேம்பாட்டு ஆய்வரங்கத்தின் நிறுவனர், தலைவர், தலைமை ஆய்வாளர் ஆகிய மூவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார்கள்.

மூன்றும் ஒரே கையெழுத்து. ஆள் ஒருவர்தான்.

அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, புதிர்ப் பட்டறையின் முதலாளி “யாரு இத வெட்டினது?” என்று கேட்டதோடு போன வார அத்தியாயம் நின்றிருந்தது. வெட்டியவர் நம்முடைய வெட்டுக்காரர்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஈயை அடிப்பதற்கும் ஒரு நாள் அவகாசம் கேட்கிற மனிதர் அவர். படம் ஒட்டிய அட்டையை மெஷினில் வைத்து, வளைந்து வளைந்து ஓடும் கத்தி விளிம்புகள் பதித்த பலகையை மேலிருந்து இறக்கினால், ஒரே அழுத்தில் படம் இருபத்துநாலாகும். அந்தப் பலகைக்கு டை என்று பெயர். பத்தொன்பது வருடமாக அந்த டையை இறக்கி ஏற்றுகிறவர். ஒரு நாளைக்கு இருநூறு யானை வெட்டுவார். வீட்டுக்குப் போகும்போது சட்டையில் அட்டைத்தூள் தவிர வேறு கறை இருக்காது.

அவருடைய மனைவி ஏழு மாதத்துக்கு முன்பு, மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை என்று எதுவும் கிடையாது. வாசலில் நின்று ஒரு வாக்கியம் சொன்னார்.

“உங்க கூட இருக்கறது, தனியா இருக்கறத விடத் தனியா இருக்குங்க.”

வெட்டுக்காரரிடம் அதற்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. மூன்று வாரம் கழித்து, மெஷினுக்கு எண்ணெய் போடும்போது கிடைத்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அந்த அண்ணன்தான் மேற்படி நிறுவனர், தலைவர், தலைமை ஆய்வாளர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைப் பார்த்துவர வெட்டுக்காரருக்கு அனுமதி இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் இந்த நிபுணர் அதை ஆராய்ந்து பார்த்து, தந்தையின் வருகை குழந்தையின் கவன ஒழுங்கைக் குலைக்கிறது என்று கண்டுபிடித்து நிறுத்திவிட்டார். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கை ஒன்று. நாலரை வயது, முன்பல்லில் பாதி கிடையாது, வீட்டில் கூப்பிடுகிற பெயர் மிளகு.

இனி சனிக்கிழமை காலை, பட்டறை.

“நான்தாங்க வெட்டினேன்” என்றார் வெட்டுக்காரர்.

“எண்ணிப் போட்டது?”

“பெட்டி கட்டற அக்கா.”

“முந்நூறு பெட்டி கேட்டிருக்கான்யா. இப்ப இதப் பாரு, என்னமோ எழுதியிருக்கான். இடஞ்சார் நுண்ணறிவு. அப்படின்னா என்ன?”

“எது எங்க பொருந்தும்னு தெரியறதுங்க.”

“அத அப்படியே எழுதினா என்னவாம், கை வலிக்குமா?”

வெட்டுக்காரர் கடிதத்தை வாங்கி, காணாமல் போனவற்றின் பட்டியலைப் படித்தார். யானையின் காது மேல் வரிசை, இடமிருந்து இரண்டு. சக்கரம் கடைசி வரிசை, ஐந்து. கொண்டை நட்ட நடு. இன்னொரு தரம் படித்தார். பிறகு கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்ததை முதலாளி பயம் என்று நினைத்துக்கொண்டார்.

பயமில்லை. பட்டறையில் எல்லாப் படத்துக்கும் ஒரே டைதான். யானையானாலும் கப்பலானாலும் கத்தி ஓடுகிற வழி ஒன்றே. டையில் பழுது இருந்தால் ஆறு படத்திலும் ஒரே இடத்துத் துண்டுதான் போகும். இங்கே ஆறும் ஆறு இடம். எண்ணுவதில் தவறினால் ஒரு பெட்டியில் ஒன்று குறையும், ஒன்றில் கூடும். ஆறு பெட்டியில் சொல்லிவைத்தாற்போல் ஒவ்வொன்று குறையாது. இது மெஷின் செய்த வேலையல்ல. கை செய்த வேலை.

யாருடைய கை என்பது அவருக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார்.

பட்டறையிலிருந்து முன்பெல்லாம் அவர் ஆறரைக்கு வீடு திரும்புவார். பாயில் ஒரு படம் விரிந்திருக்கும். இருபத்துமூன்று துண்டு சேர்ந்திருக்கும். இருபத்துநாலாவது மிளகின் மூடிய கைக்குள் இருக்கும். மூன்று வயதில் தானாக ஆரம்பித்த வழக்கம். அப்பா வந்து வைத்தால்தான் படம் முடிந்ததாகக் கணக்கு.

“மத்தியானத்துலேருந்து அத விடமாட்டேங்கறா. ஒரு கையாலயே சாப்பிட்டா, ஒரு கையாலயே குளிச்சா” என்று மனைவி சொல்வார். வெட்டுக்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவார். வியர்வையில் ஊறிப் பருத்த துண்டு அதில் விழும். சுலபத்தில் உள்ளே போகாது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். டக். மிளகு உடனே படத்தைக் கவிழ்த்துவிடுவாள். நாள் முழுக்கக் கேட்ட இரும்புச் சத்தமெல்லாம் அந்த ஒரு டக்கில் அடங்கிப்போகும்.

அவர்கள் கிளம்பிப் போன நாளில் பாயில் இருந்தது வாத்துப் படம். கண் இருக்கிற துண்டு மிளகின் கையோடு போய்விட்டது. அந்த வாத்து ஏழு மாதமாக அதே இடத்தில், கண்ணில்லாமல், அவர் வீட்டுத் தரையில் கிடக்கிறது. பட்டறையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் வேறு கண் கிடைக்கும். அவர் கேட்கவில்லை. வாத்தை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போய்ப் படுக்கப் பழகிக்கொண்டார். பெருக்கும்போதும் அதைச் சுற்றியே பெருக்குவார்.

தடுக்கப்பட்ட ஞாயிறுகள் ஆறு. காணாமல் போன துண்டுகள் ஆறு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்.

“அப்ப அந்தப் பெட்டி கட்டற அம்மாதான் கோட்டை விட்டிருக்கு. கணக்கத் தீத்து அனுப்பிடறேன்” என்றார் முதலாளி.

“அவங்க இல்லைங்க. என் தப்புதான். டையில துண்டு ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. நான் கவனிக்கல.”

“பத்தொன்பது வருஷமா கவனிச்ச. இப்பக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“அப்படித்தாங்க வச்சுக்கணும்.”

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். “திங்கக்கிழமைலேருந்து நீ பெட்டி கட்டு. மெஷினுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். இன்னிக்கு அந்த ஆறு துண்டையும் எடுத்துக்கிட்டுப் போயி, அந்த ஆள் கால்ல விழுவியோ கையைப் பிடிப்பியோ, ஆர்டர் போகக்கூடாது.”

“சரிங்க.”

சரிங்க என்று சொன்ன முகத்தில் சிரிப்பு இருந்தது. பத்தொன்பது வருட மெஷினைப் பறிகொடுத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு போகிறவனை முதலாளி அதுவரை பார்த்ததில்லை. போனது கண் மட்டுமல்ல, மூளையும்தான் என்று தீர்மானித்துக்கொண்டார்.

ஆய்வரங்கம் என்பது, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. ஏறும் படி ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. ‘விரல்களால் சிந்திப்போம்.’ ‘இன்றைய துண்டு, நாளைய தலைவன்.’ ஏழாவது படியில் ‘படி உடைந்துள்ளது’ என்று இருந்தது. மொத்தப் படிக்கட்டிலும் உபயோகமான வாசகம் அது ஒன்றுதான்.

நிபுணர் முன்னாளில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றவர். மூன்று நாள் பயிற்சி முகாமில் கலந்துகொண்டு, சான்றிதழுக்கு அதைவிடப் பெரிய சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. காது கொண்டு வந்தீங்களா?”

“கொண்டு வந்திருக்கேன் மச்சான்.”

“உட்காருங்க. வகுப்பு நடக்கறப்பக் குறுக்க பேசக்கூடாது. நீங்க இன்னிக்கு ஒரு பார்வையாளர், அவ்வளவுதான்.”

காட்டிய நாற்காலி நாலு வயதுக்குச் செய்தது. வெட்டுக்காரர் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காதருகே வந்து நின்றன. சட்டைப்பையில் ஒரு பழுப்பு உறை, அதற்குள் ஆறு புதுத் துண்டுகள். மூலையில் வரவேற்பு மேசையில் அவர் மனைவி பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து, “வந்துட்டீங்களா” என்றார். “ம்” என்றார் இவர். ஆறு வாரத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவு.

பெற்றோர் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நிபுணர் தம் மேசைக்குப் பின்னால் போய் நின்றார்.

“படப்புதிர் ஒரு விளையாட்டுப் பொருள்னு நினைக்கறவங்க கை தூக்குங்க.”

கள்ளம் தெரியாத ஒரு தகப்பனார் தூக்கினார்.

“இறக்குங்க. இது பொம்மை இல்ல. இது ஒரு நரம்பியல் நிகழ்வு. குழந்தை ஒரு துண்டைக் கையில எடுக்கற அந்தக் கணத்துல, மூளைக்குள்ள என்ன நடக்குது?”

யாருக்கும் தெரியவில்லை. நிபுணருக்கும் தெரியாததால் அடுத்த வாக்கியத்துக்குப் போனார்.

“கை, கண், மனம். இந்த மூணும் ஒரே நேர்கோட்டுல வரணும். அதுக்கு முதல் தேவை, அசையாத சூழல்.” இதைச் சொல்லும்போது மேசைமேல் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

வெட்டுக்காரர் தன்னை அறியாமல் முழங்காலை நகர்த்திக்கொண்டார். போன முறை, ஆறு வாரத்துக்கு முன் மகளைப் பார்க்க இங்கே வந்திருந்தபோது, இதே வாக்கியத்துக்கு மேசை குதிரைபோல ஆடி, நிபுணரின் டீ முழுவதும் இவர் கால்சட்டையில் கொட்டியிருந்தது. இன்று டீ கிளாஸ் இருந்த இடத்தில் இருந்தது. மச்சான் தச்சரைக் கூப்பிட்டிருக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டார். மனிதர் ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்கிறாரே என்று கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

மிளகை அழைத்து வந்தார்கள். முடியைக் கத்தரித்திருந்தார்கள். கழுத்து நீண்டாற்போல் தெரிந்தது.

“அப்பா, உனக்கு ஏன் சின்ன நாற்காலி?”

“பெரிசெல்லாம் தீந்து போச்சு.”

“எழுந்தா ஒட்டிக்கும்” என்று எச்சரித்துவிட்டு, அவள் விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நிபுணர் ஒரு முழுப் பெட்டியை எடுத்துக் கொட்டினார். வேறொரு யானை. காதுகள் இரண்டும் இருக்கிற யானை.

மிளகு முதலில் எல்லாத் துண்டுகளையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பினாள். பிறகு வாலை எடுத்தாள். இந்த உலகத்தில் யானையை வாலிலிருந்து ஆரம்பிக்கிறவள் அவள் ஒருத்திதான். ஒரு துண்டு பொருந்தவில்லை. இரண்டு வயதில் அவள் அதைக் குத்தி உள்ளே இறக்கப் பார்ப்பாள், அட்டை நசுங்கும். “பிடிக்கலன்னா திருப்பு. திருப்பியும் பிடிக்கலன்னா கீழ வச்சுட்டு வேற எடு” என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வெட்டுக்காரர்தான். சொல்லிக்கொடுத்தாரே ஒழிய, தாம் ஒருநாளும் திரும்பிப் பழகியதில்லை. அது வேறு விஷயம்.

இப்போது அவள் திருப்பினாள். பொருந்தியது. நாக்கு நுனி, பல் இல்லாத இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தது. நிறத்தைப் பார்த்துச் சிலவற்றை எடுத்தாள், விளிம்பைத் தடவிப் பார்த்துச் சிலவற்றை எடுத்தாள். தும்பிக்கை வந்தது. கால்கள் வந்தன. இருபது. இருபத்தொன்று. வெட்டுக்காரர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று.

நடுவில் ஓர் ஓட்டை. கடைசித் துண்டு மிளகின் கைக்குள். கை மூடியிருந்தது.

அவள் நிறுத்திவிட்டாள்.

 நிபுணர் குறிப்பேட்டில் ‘தயக்கம்’ என்று எழுதி அடிக்கோடிட்டார். மனைவி பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.  ஏழு மாதம், முடிந்துபோனதென்று எல்லாரும் சொன்ன ஏழு மாதம், அந்தச் சின்னக் கைக்குள் மூடி இருந்தது.

எழுந்தார். மகள் எச்சரித்தபடியே நாற்காலியும் இடுப்போடு எழுந்தது. அதைத் தட்டிவிட்டு, விரிப்பில் முட்டிபோட்டு, உள்ளங்கையை நீட்டினார். படத்தின் மேலே.

மிளகு அந்தக் கையைப் பார்த்தாள். மூடிய கையால் மூக்கைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள். மூக்கு அரித்திருக்கிறது.

“அப்பா, கைய எடு. மறைக்குது.”

எடுத்தார். அவளே வைத்தாள். அவளே கட்டைவிரலால் அழுத்தினாள். டக்.

“முடிஞ்சுது” என்று படத்தைக் கவிழ்த்தாள்.

“பாத்தீங்களா” என்றார் நிபுணர், பெற்றோர் பக்கம் திரும்பி. “தந்தைவழிக் குறுக்கீடு. அதையும் மீறி இலக்கு நிறைவு. ஆறு வாரத்துப் பயிற்சி.” பெற்றோர் கைதட்டினார்கள். கை தூக்கி இறக்கிய தகப்பனார் மட்டும் வெட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு கலைந்தது. மிளகு தண்ணீர் குடிக்கப் போன இடத்தில், குழாயடியில், வெட்டுக்காரர் குனிந்து அவள் காதோடு கேட்டார்.

“மிளகு, அந்த ஆறு துண்டு. எங்கம்மா வச்சிருக்க?”

“எது?”

“யானைக் காது. சேவக் கொண்டை. அப்பாவுக்குன்னு எடுத்து வச்சியே.”

அவள் கிளாஸை வாயிலிருந்து எடுத்தாள். கீழுதடு பிதுங்கியது. “நான் எடுக்கல. மாமாவும் கேட்டாங்க. இப்ப நீயும் கேக்கற.”

“இல்லம்மா, அப்பா திட்டறதுக்குக் கேக்கல.”

“நான் எடுக்கலன்னு சொல்றேன்ல.”

தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

வேறு யாராவது என்றால் இங்கே புரிந்துகொண்டிருப்பார்கள். வெட்டுக்காரர் அவள் ஓடுகிற முதுகைப் பார்த்துக்கொண்டே, பயப்படுகிறாள் பாவம், மாமாவுக்குப் பயந்து மறைக்கிறாள் என்று முடிவு செய்தார். கையை எடுக்கச் சொன்னதுகூட நாலு பேர் முன்னால் கூச்சப்பட்டுத்தான். ஒரு துண்டு பொருந்தவில்லை என்றால் கீழே வைக்க வேண்டும் என்று மகளுக்குக் கற்றுத்தந்தவர், தன் கையிலிருந்ததை மட்டும் அழுத்தி அழுத்தி உள்ளே இறக்கினார்.

மனைவி பதிவேட்டை மூடிவிட்டு வந்தார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன் வெளியூர்ல இன்னொரு கிளை தொறக்கறாங்க. என்னப் போயி நடத்தச் சொல்றாங்க. மிளகுக்கும் அங்கயே பள்ளிக்கூடம்.”

“எவ்வளவு தூரம்?”

“ஒரு ராத்திரி ரயில்ல. செவ்வாய்க்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

மனைவி சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “கல்யாணம் ஆன நாள்லேருந்து இதத்தான் சொல்றீங்க. இதுவரைக்கும் ஒண்ணாவது யோசிச்சு முடிச்சிருக்கீங்களா?”

 வெட்டுக்காரர் வேறொன்று கேட்டார். “அந்த வாத்துக் கண்ணு. போறப்ப அவ கையில இருந்துச்சே. இருக்கா?”

“அது அன்னிக்கே சட்டைப்பையில போட்டிருந்தா. நான் பாக்காம ஊறவச்சுட்டேன். கூழாப் போச்சு.” மிளகு ஓடிய பக்கம் பார்த்தார். “அழுதா. ரெண்டு நாள்.”

அவள் அழுத செய்தி வெட்டுக்காரரின் வாயைத் திறந்துவிட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக யோசிக்காமல் பேசினார்.

“அதனாலதான் இப்ப எடுத்து வச்சிருக்கா. நான் வராத ஞாயிறுக்கு ஒண்ணு. ஆறு வாரம், ஆறு துண்டு. உங்க அண்ணன் பட்டறைக்குக் கடிதம் போட்டாரே, அது குறையே இல்ல. கடைசித் துண்டு அப்பாவுக்கு. உனக்கு ஞாபகம் இல்லையா?”

 அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் மனைவிதான். யானை, பேருந்து, சேவல் என்று ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார். ஒரு தரம்கூட அவருக்கு இது தோன்றவில்லை. கண் கலங்கியது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக, கணவனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நிஜமாவாங்க?”

“வேற யாரு எடுப்பா?”

“அவ உங்களுக்கு எடுத்து வைக்கிறான்னா...” முடிக்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை வரைக்கும் அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீங்க அவகிட்ட நைசாக் கேட்டு, அந்த ஆறையும் எனக்குக் காட்டுங்க. நான் என் கண்ணால பாக்கணும். அப்புறம் பேசுவோம்.”

“காட்டறேன்” என்றார். யோசிச்சு என்கிற வார்த்தையே வரவில்லை.

மனைவி மிளகைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நிபுணர் முன்னமே போயிருந்தார். ஏழாவது படியில் மிளகு தாண்டிக் குதித்த சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. நீளமான அறையில் எட்டுக் குட்டி நாற்காலிகளும் வெட்டுக்காரரும் மிஞ்சினார்கள்.

கொண்டுவந்த புதுத் துண்டுகளை வைத்துவிட்டுப் போகலாம் என்று நிபுணரின் மேசைக்குப் போனார். அவசரத்தில் உறையைத் தலைகீழாகப் பிடித்தார். ஒரு துண்டு வெளியே நழுவி, தரையில் பட்டு, மேசைக்கு அடியில் போயிற்று. யானையின் காது.

குனிந்தார். எடுத்தார். கையில் ஒரு காது இருந்தது. எதிரே, மேசையின் பின்பக்கக் காலுக்குக் கீழே, இன்னொரு காது இருந்தது.

காதுக்கு மேலே சேவலின் கொண்டை. அதற்கு மேலே பாதிக் கொடி. காதுக்குக் கீழே சக்கரம், புகைபோக்கி, பூனையின் கால். ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி, சுற்றிலும் ஒட்டுநாடா போட்டிருந்தது. மேசையின் கனத்தில் விளிம்புகள் நசுங்கி வெளுத்திருந்தன.

“பாத்துட்டீங்களா சார்?”

துடைப்பத்தோடு நின்றிருந்தது, அறையைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா.

“அந்தக் கால் கொஞ்சம் குட்டை சார். பெரியவரு குத்தற ஒவ்வொரு குத்துக்கும் டீ கொட்டும், நான்தான் துடைக்கணும். ஒரே டப்பாவுல ஆறு எடுத்தா அந்தப் படம் வீணாப் போயிடும். பிள்ளைங்க பாவம்ல. அதான் டப்பாவுக்கு ஒண்ணா எடுத்தேன். ஒண்ணு போனா யாருக்குத் தெரியும்?”

வெட்டுக்காரர் மேசைக்கடியில் முட்டிபோட்டபடியே இருந்தார்.

“எத்தனை நாளாச்சு?”

“உங்க மேல டீ கொட்டினாரே, அன்னிக்கு சாயங்காலம் வச்சேன். ஆறு வாரம் இருக்கும். அவருகிட்டச் சொல்லிடாதீங்க சார், வேலை போயிடும்.”

“சொல்லல.”

“உங்களுக்கு வேணுமா? எடுத்துத் தந்துடட்டுமா? வேற ஏதாவது அட்டை மடிச்சு வச்சுக்கறேன்.”

ஆறு துண்டு. காட்டறேன் என்று சொல்லியிருந்தார். ஒட்டுநாடாவைப் பிரித்து, தூசியைத் துடைத்து, ஒரு சின்னக் கையில் கொஞ்ச நேரம் வியர்க்க வைத்தால், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

அந்த அம்மா பெருக்கிக்கொண்டே அடுத்த மூலைக்குப் போய்விட்டார். வெட்டுக்காரர் எழுந்து நின்று, மேசைமேல் உள்ளங்கையை வைத்து, மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

மேசை ஆடவில்லை.